மக்கிய கட்டையும் ஒரு காடுதான்

நமது காடுகளில் புலிகள் எத்தனை என்று கேட்டால் பதில் சொல்லக் கணக்கு இருக்கிறது. யானைகளுக்கும் கணக்கு உண்டு. ஏரிகளுக்கு வரும் பறவைகளைக்கூட ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதே காட்டில் விழுந்து கிடக்கும் மக்கிய கட்டை ஒன்றைக் காட்டி, "இதில் எத்தனை வகை உயிர்கள் வாழ்கின்றன?" என்று கேட்டுப் பாருங்கள். "அது வெறும் குப்பை, விறகுக்குக்கூட உதவாது" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

இந்தப் பதில் தவறானது என்பது என் கருத்து. இப்படி நினைப்பதால் நாம் பல உயிர்களை அறியாமலே இழந்துகொண்டிருக்கிறோம் என்றும் சொல்வேன். இதற்குச் சாட்சியாக ஒரு சிறிய உயிரை உங்கள் முன் நிறுத்துகிறேன். அதன் பெயர் சளிப்பூஞ்சை.

பூஞ்சையும் அல்ல, விலங்கும் அல்ல

பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஈரமான கட்டையின் மீதோ, உதிர்ந்த இலைகளின் மீதோ மஞ்சளாகவோ வெண்மையாகவோ கொழகொழவென்று ஏதோ படர்ந்திருப்பதை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். இன்று ஓரிடத்தில் இருக்கும். நாளை சற்றுத் தள்ளி இருக்கும். ஆம், அது நகரும்!

இதன் வாழ்க்கை ஒரு வித்தில் தொடங்குகிறது. வித்து மிகச் சிறியது. சுமார் 100 வித்துகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். ஈரம் பட்டதும் வித்து வெடித்து, உள்ளிருந்து அமீபா போன்ற ஒரு செல் வெளிவருகிறது. சுற்றிலும் நீர் மிகுந்தால் அது சாட்டை போன்ற இழைகளை வளர்த்துக்கொண்டு நீந்தும். நீர் குறைந்தால் இழைகளை விட்டுவிட்டு ஊர்ந்து செல்லும். அதற்கு உணவு பாக்டீரியாக்கள்.

இத்தகைய இரு செல்கள் இணைந்த பிறகு ஒரு விந்தை நிகழ்கிறது. உட்கரு இரண்டாகிறது, நான்காகிறது, எட்டாகிறது. ஆனால் செல் மட்டும் பிரிவதில்லை! இறுதியில் இலட்சக்கணக்கான உட்கருக்களைக் கொண்ட ஒரே செல், உள்ளங்கை அகலத்துக்கும் அதற்கு மேலும் படர்கிறது. இதைப் பிளாஸ்மோடியம் என்கிறார்கள். உணவு தீர்ந்ததும் அது வெளிச்சமுள்ள இடத்துக்கு ஊர்ந்து வந்து, நூற்றுக்கணக்கான சிறு வித்துப்பைகளாக மாறிவிடுகிறது. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பையும் 1 அல்லது 2 மில்லிமீட்டர் உயரம்தான். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் சில முத்துப் போல இருக்கும். சில பட்டு நூலால் செய்த தூரிகை போல இருக்கும். வானவில் நிறங்கள் மின்னும் உருண்டைகளும் உண்டு.

வித்து உண்டாக்குவதால் இதை முதலில் பூஞ்சையோடு சேர்த்தார்கள். ஊர்ந்து சென்று இரையை விழுங்குவதைக் கவனித்த ஜெர்மன் விஞ்ஞானி ஆண்டன் டி பாரி, 1859-ஆம் ஆண்டிலேயே இது பூஞ்சையைவிட விலங்குகளுக்கு நெருக்கமானது என்று வாதாடினார். இன்று மரபணு ஆய்வுகள் இதை அமீபாக்களின் பெருங்குடும்பத்தில் வைத்துள்ளன. 'பூஞ்சை' என்ற பெயர் மட்டும் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1973-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்கு அருகே ஒரு வீட்டுத் தோட்டத்தில் மஞ்சள் நிறத்தில் ஏதோ பெருகி வளர்ந்தது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்திருக்குமோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். ஆராய்ந்து பார்த்தால், அது உலகின் பல நாடுகளிலும் காணப்படும் ஃபுலிகோ செப்டிகா என்ற சளிப்பூஞ்சை! அந்த மண்ணிலேயே வாழ்ந்த உயிரை வேற்றுக் கிரகத்தது என்று எண்ணும் அளவுக்கு மனிதர் அதை அறியாமல் இருந்திருக்கிறார்கள்.

பசி வந்தால் கூட்டம் சேரும்

சளிப்பூஞ்சைகளில் இன்னொரு பிரிவும் உண்டு. 1933-ஆம் ஆண்டு கென்னத் ரேப்பர் என்ற அமெரிக்கர், வட கரோலினா மலைக்காட்டின் இலைச் சருகிலிருந்து இதில் ஒன்றைப் பிரித்தெடுத்தார். 1935-இல் அதற்கு டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்று பெயரிட்டார். இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இது வளர்க்கப்படுகிறது.

இதன் அமீபாக்கள் உணவு உள்ளவரை தனித்தனியாக வாழ்கின்றன. உணவு தீர்ந்ததும் ஒரு வேதிப்பொருளைச் சுரந்து ஒன்றையொன்று அழைக்கின்றன. ஓர் இலட்சம் வரை ஒன்றுகூடி, சிறு புழுவைப் போல ஊர்ந்து சென்று, ஓரிடத்தில் எழுந்து நிற்கின்றன. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமீபாக்கள் தண்டாக மாறி உயிர்விடுகின்றன. மற்றவை அத்தண்டின் உச்சியில் ஏறி வித்துகளாகின்றன. மூளையோ நரம்போ இல்லாத உயிர்களின் ஒற்றுமையைப் பார்த்தீர்களா!

ஒரு காட்டில் எத்தனை அறைகள்?

இப்போது நமது கேள்விக்கு வருவோம். பிளாஸ்மோடியம் உண்டாக்கும் சளிப்பூஞ்சைகளில் சுமார் 1,000 இனங்களும், கூட்டம் சேரும் பிரிவில் 150-க்கு மேற்பட்ட இனங்களும் இதுவரை அறியப்பட்டுள்ளன. இவை எங்கே வாழ்கின்றன?

காடு என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சளிப்பூஞ்சைக்கோ அது ஆயிரம் அறைகள் கொண்ட மாளிகை. விழுந்த கட்டையில் வாழும் இனங்கள் சில. தரையிலுள்ள சருகை விரும்புபவை வேறு சில. தாவரம் தின்னும் விலங்குகளின் சாணத்தில் மட்டுமே பெரும்பாலும் தோன்றுபவை உண்டு. உயிருள்ள மரத்தின் பட்டையில் வாழும் இனங்களும் ஏராளம். பட்டையிலும் எல்லாம் ஒன்றல்ல. அமிலத்தன்மை மிகுந்த பைன் மரப்பட்டையில் ஒரு கூட்டம் வாழும். அமிலத்தன்மை குறைந்த வேறு மரத்தின் பட்டையில் மற்றொரு கூட்டம் வாழும். பக்கத்துப் பக்கத்து மரங்கள்தான், ஆனால் குடியிருப்பவர்கள் வேறு!

பட்டையில் வாழும் இந்த நுண்ணிய இனங்கள் நீண்ட காலம் எவர் கண்ணிலும் எளிதில் படவில்லை. 1933-இல் கில்பர்ட், மார்ட்டின் என்ற இருவர் மரப்பட்டைத் துண்டுகளை ஒரு மூடிய தட்டில் ஈரமாக வைத்துக் காத்திருந்து பார்த்தார்கள். வெறும் பட்டை என்று நினைத்ததிலிருந்து வித்துப்பைகள் முளைத்தன! இந்த எளிய முறையால் புதிய இனங்கள் பல தெரிய வந்தன.

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் 2000-ஆம் ஆண்டையொட்டி மற்றொரு முயற்சி நடந்தது. பேராசிரியர் ஹரோல்ட் கெல்லரின் மாணவர்கள் கயிறு கட்டி உயரமான மரங்களின் உச்சிக்கே ஏறிப் பட்டைகளைச் சேகரித்தார்கள். அவ்வாறு கிடைத்த ஓர் இனம் அறிவியலுக்கே புதியது. 2002-இல் அதற்கு டயாக்கியா ஆர்பொரிகோலா என்று பெயர் சூட்டினார்கள். 'மரத்தில் குடியிருப்பது' என்பது அப்பெயரின் இரண்டாம் சொல்லுக்குப் பொருள். இந்தக் கண்டுபிடிப்பில் மாணவர் பங்கு இருந்தது என்பதை மறவாதீர்கள்.

வறண்ட பாலைவனத்தில்? அங்கும் உண்டு. கள்ளி அழுகும்போது அதன் உட்பகுதியில் ஈரம் நெடுநாள் தங்கும். அந்த ஈரத்தை நம்பி வாழும் இனங்கள் இருக்கின்றன. வறட்சி வந்தால் பிளாஸ்மோடியம் காய்ந்து கெட்டியான கட்டியாகி மாதக்கணக்கில் உறங்கும். ஈரம் வந்தால் விழித்துக்கொள்ளும். ஆல்ப்ஸ் போன்ற மலைகளிலோ, பனிப்போர்வையின் கீழே குளிர்காலம் முழுவதும் வளர்ந்து, வசந்தத்தில் பனி உருகும் ஓரத்தில் வித்துப்பை வைக்கும் இனங்கள் வாழ்கின்றன. இவற்றுக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் பனி வேண்டும். பனி குறைந்துபோனால் இவை என்ன செய்யும்? பூமி வெப்பமடையும் இக்காலத்தில் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். பறவைகளும் மரங்களும் பூச்சிகளும் வெப்ப மண்டலக் காடுகளில்தான் மிகுதி என்று படித்திருப்பீர்கள். பிளாஸ்மோடியம் உண்டாக்கும் சளிப்பூஞ்சைகளோ மிதவெப்ப மண்டலக் காடுகளில்தான் அதிக இனங்களாகக் காணப்படுகின்றன. ஓயாத பெருமழை வித்துகளை அடித்துச் சென்றுவிடுவதும், வித்துப்பை உலர இடம் கொடாததும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதனால் மழைக்காடுகளில் இவை தரையைவிட்டு மேலே ஏறிவிடுகின்றன. கிளைகளில் சிக்கித் தொங்கும் காய்ந்த இலைகளிலும், வாடிய பூங்கொத்துகளிலும் வாழ்கின்றன. கூட்டம் சேரும் பிரிவிலோ கதை நேர்மாறு. அவை வெப்ப மண்டலக் காட்டு மண்ணில்தான் இன வளம் மிகுந்தவை. மலையில் உயர உயரக் குறைகின்றன.

ஒரே பெயரில் அழைக்கப்படும் இரு பிரிவுகளுக்கே இரண்டு வேறு விதிகள்! அப்படியிருக்க, புலிக்கும் யானைக்கும் பொருந்தும் விதியை எல்லா உயிர்களுக்கும் பொருத்தி, "பெரிய விலங்கைக் காத்தால் போதும், மற்றவை தாமே பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

காற்றில் பறப்பவை அழியுமா?

இங்கே சிலர் ஒரு தடை எழுப்பலாம். "சளிப்பூஞ்சையின் வித்துகள் தூசியைவிட நுண்ணியவை. காற்றில் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும். ஓரிடத்தில் அழிந்தால் வேறிடத்திலிருந்து வந்துவிடாதா?"

நியாயமான கேள்விதான். நுண்ணுயிர்கள் எங்கும் உள்ளன, சூழல்தான் அவற்றைத் தேர்ந்தெடுக்கிறது என்ற கருத்தை டச்சு விஞ்ஞானி பாஸ் பெக்கிங் 1934-இல் வெளியிட்டார். இக்கருத்தின் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவோர் பலர். இரண்டாம் பாதியைப் பாருங்கள். வித்து வந்து விழலாம். ஆனால் விழுந்த இடத்தில் மக்கிய கட்டையோ பழைய மரப்பட்டையோ இருந்தால்தானே முளைக்கும்? விதை இருந்தும் வயல் இல்லாவிட்டால் விளைச்சல் ஏது?

முதற்பாதியும் முழு உண்மையல்ல என்று இப்போது தெரிகிறது. ஹெமிட்ரிக்கியா செர்புலா என்ற மஞ்சள் சளிப்பூஞ்சை உலகின் வெப்பமான பகுதிகள் பலவற்றில் கிடைக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றே. ஆனால் 2017-இல் வெளியான மரபணு ஆய்வு, அதற்குள் தனித்தனிக் கிளைகள் இருப்பதையும், அவை உலகில் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை என்பதையும் காட்டியது. ஒரே பெயருக்குள் பல உறவுகள் ஒளிந்திருக்கின்றன. ஓரிடத்தில் அழிவது மற்றோரிடத்தில் அப்படியே இருக்கிறது என்று நாம் உறுதி கூற முடியாது.

மிட்டாய்ப் பெட்டியில் அரசருக்குப் பரிசு

இந்த உண்மையை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் ஒருவர் ஜப்பானில் வாழ்ந்தார். அவர் பெயர் மினகாட்டா குமகுசு. பிறந்தது 1867-இல்; மறைந்தது 1941-இல். இலண்டனில் சில ஆண்டுகள் தங்கிப் படித்துத் தாயகம் திரும்பியவர், காடு மேடெல்லாம் அலைந்து சளிப்பூஞ்சைகளைத் திரட்டினார். தம் வீட்டுத் தோட்டத்து மரத்திலேயே ஒரு புதிய வகையைக் கண்டார். இங்கிலாந்தின் சளிப்பூஞ்சை அறிஞர் குலியெல்மா லிஸ்டர் 1921-இல் அதற்கு அவர் பெயரையே சூட்டி மினகாடெல்லா என்று அழைத்தார்.

1906-இல் ஜப்பானிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. சிறு கோயில்களை ஒன்றாக இணைத்துவிட வேண்டும் என்பது அது. கோயில் போனால் அதைச் சுற்றியிருந்த பழைய மரங்களும் வெட்டப்படும். மினகாட்டா கொதித்தெழுந்தார். கட்டுரைகள் எழுதினார், அறிஞர்களுக்குக் கடிதங்கள் எழுதினார், 1910-இல் சில நாட்கள் காவலிலும் இருந்தார். சிறு தோப்பு அழிந்தால் அதில் மட்டுமே வாழும் சிற்றுயிர்களும் அழியும் என்பது அவருடைய முக்கிய வாதங்களுள் ஒன்று. இறுதியில், 1920-இல் ஜப்பானிய நாடாளுமன்றத்தின் மேலவை அத்திட்டத்தால் பயனில்லை என்று தீர்மானித்தது. அதற்குள் எத்தனையோ தோப்புகள் மறைந்துவிட்டன; எனினும் அவர் குரலால் தப்பியவையும் உண்டு.

1929-இல் பேரரசர் ஹிரோஹிட்டோ அந்தப் பகுதிக்கு வந்தபோது, மினகாட்டா அவருக்குச் சளிப்பூஞ்சைகளைப் பற்றி விளக்கி, 110 மாதிரிகளைப் பரிசளித்தார். அவற்றை வைத்துக் கொடுத்தது பொற்பேழையில் அல்ல. சாதாரண மிட்டாய் அட்டைப்பெட்டிகளில்!

நம் ஊர்க் கணக்கு

தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் ஐயனாருக்கும் அம்மனுக்கும் விடப்பட்ட கோயில் காடுகள் இருக்கின்றன. மினகாட்டாவின் வாதம் அவற்றுக்கும் பொருந்தும். ஒரு ஏக்கர் தோப்புதானே என்று எண்ணலாம். ஒரு மில்லிமீட்டர் உயிருக்கு ஒரு ஏக்கர் என்பது ஒரு தேசம்!

நம் நாட்டில் இத்துறையில் யாரும் உழைக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். வி. அக்னிஹோத்ருடு 1950-களில் தென்னிந்தியச் சளிப்பூஞ்சைகளைப் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். இந்தியச் சளிப்பூஞ்சைகளைத் தொகுத்து கே.எஸ். திண்ட் 1977-இலும், லகன்பாலும் முகர்ஜியும் 1981-இலும் நூல்கள் வெளியிட்டார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வித்யானந்த் நஞ்சுண்டையாவும் அவருடைய குழுவினரும் முதுமலைக் காட்டின் மண்ணிலிருந்தும் விலங்குகளின் சாணத்திலிருந்தும் கூட்டம் சேரும் சளிப்பூஞ்சைகளைப் பிரித்தெடுத்தனர். ஒரே தண்டில் எழுந்து நின்ற அமீபாக்களில் வெவ்வேறு மரபு வழியைச் சேர்ந்தவை கலந்திருப்பதை 2010-இல் அறிவித்தனர். முதுமலை என்றால் நமக்கு யானை நினைவு வரும். யானைக் காட்டின் மண்ணுக்குள்ளும் இப்படி ஓர் உலகம் இருக்கிறது.

ஆனால் நாம் செய்வது என்ன? பூங்காவில் ஒரு சருகு கிடந்தாலும் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். பட்டுப்போன மரத்தை வேரோடு அகற்றுகிறோம். தரையைச் சிமெண்ட் பூசி 'அழகுபடுத்துகிறோம்'. பிறகு பத்து மரக்கன்றுகள் நட்டுவிட்டு, இயற்கையைக் காத்துவிட்டதாக மகிழ்கிறோம். மரம் நடுவது நல்லதே. ஆனால் கன்று நட்டால் மக்கிய கட்டை வந்துவிடாது. மரம் வளர்ந்து, முதிர்ந்து, விழுந்து, மக்கப் பல்லாண்டுகள் ஆகும்.

"சருகில் பாம்பும் தேளும் சேருமே" என்று பெரியவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. வீட்டு வாசலையும் விளையாடும் இடத்தையும் சுத்தமாக வைத்திருக்கத்தான் வேண்டும். நான் கேட்பது ஒரு மூலை. பள்ளித் தோட்டத்தின் ஒரு மூலையில், பூங்காவின் ஓர் ஓரத்தில், சருகும் கட்டையும் தம் போக்கில் மக்கட்டும். கொளுத்துவதால் புகைதான் மிச்சம்.

"இவற்றால் நமக்கு என்ன பயன்?" என்று கேட்பவர்களும் உண்டு. சளிப்பூஞ்சைகள் பாக்டீரியாக்களைத் தின்று, அவற்றில் அடைபட்ட நைட்ரஜன் போன்ற சத்துகளை மீண்டும் மண்ணுக்கு விடுகின்றன. இவற்றையே உண்டு வாழும் வண்டுகள் இருக்கின்றன. 2005-இல் மட்டும் அவ்வண்டுகளில் 65 புதிய இனங்களுக்குப் பெயரிட்டார்கள். 2000-இல் ஜப்பானிய விஞ்ஞானி நாககாகியின் குழு, பைசாரம் பாலிசெஃபாலம் என்ற சளிப்பூஞ்சை புதிர்ப்பாதையில் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பதைக் காட்டியது. 2010-இல் டோக்கியோவைச் சுற்றிய ஊர்களின் இடத்தில் ஓட்ஸ் வைத்தபோது, அங்குள்ள இரயில் பாதைகளை ஒத்த வலையை அது பின்னியது. ஆனால் ஒன்று சொல்வேன். பயன் தெரிந்த பிறகுதான் காப்போம் என்றால், பயன் தெரியும் முன்பே பலவற்றை இழந்திருப்போம். பைசாரம் புதிர்ப்பாதையில் வழி காணும் என்று 1950-இல் யார் அறிந்திருந்தார்?

நீங்களும் தேடலாம்

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வேம்பு, புளி, ஆல் என்று கிடைக்கும் மரங்களில் தானே உரியும் நிலையிலுள்ள பட்டைத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பட்டையை உரிக்க வேண்டாம். மூடியுள்ள கண்ணாடித் தட்டில் மை ஒற்றும் தாளை விரித்து, பட்டையை அதன்மேல் வையுங்கள். கொதித்து ஆறிய நீரைப் பட்டை மூழ்கும் வரை ஊற்றி, ஒரு நாள் கழித்து மிகுதி நீரை வடித்துவிடுங்கள். வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கைலென்ஸால் பாருங்கள். சில வாரங்கள் பொறுமை வேண்டும். ஒரு தட்டில் ஒன்றுமே வராமலும் போகலாம். அதையும் எழுதி வையுங்கள். 'இந்த மரத்தில் காணவில்லை' என்பதும் ஒரு செய்திதான்.

வித்துப்பை தோன்றினால் உலரவிட்டு, தீப்பெட்டியினுள் ஒட்டி, மரத்தின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பெட்டிமேல் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வித்துத்தூளை முகராமல் விலகியிருப்பது நல்லது. இனத்தை அடையாளம் காண உயிரியல் ஆசிரியரின் உதவியையும் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையின் உதவியையும் நாடுங்கள்.

நமது பள்ளிகள் ஒவ்வொன்றும் தன் வளாகத்து உயிர்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். மரமும் பறவையும் மட்டுமல்ல, மரப்பட்டையில் வாழ்பவையும் சருகில் ஊர்பவையும் அதில் இடம்பெற வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து வரும் மாணவர்கள் அதைப் புரட்டி, எது நிலைத்தது, எது போயிற்று என்று ஒப்பிடுவார்கள். பதிவு இல்லாவிட்டால் போனது போனதாகக்கூட எவருக்கும் தெரியாது.

ஒரு கட்டை மக்குவதை நாம் அழிவு என்கிறோம். சளிப்பூஞ்சைக்கு அதுதான் குடிபுகும் காலம். அடுத்த மழை பெய்யப் போகிறது. உங்கள் பள்ளியில் அந்த ஒரு மூலையை யாரும் கூட்டாமல் விட்டுவைக்க, இன்றே தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள்.